கேதம் கேட்க ஆளில்லாத ஊர்

"மரம்தானேப்பா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்."

2018 நவம்பர் 17ஆம் தேதி இரவு, ஒன்றரை நாள் விடாமல் அடித்துப் பார்த்து ஒருவழியாக லைன் கிடைத்தபோது அப்பாவிடம் நான் சொன்ன முதல் வார்த்தை இது. நான் அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் அப்பாயியும் பேராவூரணிக்குப் பக்கத்தில் ஊரில். கஜா புயல் 16ஆம் தேதி விடிவதற்குள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, எங்கள் பக்கத்தையும் ஒரு மிதி மிதித்துவிட்டுப் போயிருந்தது. அதிராம்பட்டினத்தில் மணிக்கு 111 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்ததாகச் செய்தியில் சொன்னார்கள்.

"சரி பாப்பா" என்றார் அப்பா. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் "போனது போகட்டும், மிச்சப் பேர் நல்லாத்தானே இருக்கீங்க" என்று யாராவது சொல்வார்களா? அதைத்தான் நான் சொல்லியிருக்கிறேன் என்று புரிய எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. என்னைப்போலவே இதில் தடுக்கி விழப்போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புயல், வெள்ளம், ஏரி போவது, மலை சரிவது என்று இனி இது எந்த ஊருக்கும் வரலாம். அப்போது என்ன பேசுவது, என்ன செய்வது என்பது நமக்குச் சொல்லித்தரப்படவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கி வரை பஸ்ஸில் வந்தேன். அங்கிருந்து சித்தப்பா மகன் பைக்கில். ரோட்டில் குறுக்கே கிடந்த மரங்களை ஊர்க்காரர்களே அறுத்து, ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். மின்கம்பங்கள் முழங்கால் மடித்த மாதிரி வரிசையாகக் கிடந்தன. புயல் போன வழியெங்கும் 1 லட்சத்துக்கு மேல் கம்பங்கள் சாய்ந்தன என்று பிறகு தெரிந்தது. ஊர் எல்லையில் பைக் நின்றது. எதற்கு நிறுத்துகிறான் என்று கேட்டேன். "ஊர் வந்துருச்சுக்கா" என்றான். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் தோப்பைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அன்றைக்கு அங்கிருந்து கோயில் கோபுரம் தெரிந்தது, மெயின் ரோட்டில் போகிற பஸ் தெரிந்தது, அதற்கும் அப்பால் வேறொரு ஊரின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. திண்ணை முழுக்க வெயில். பகல் பதினொரு மணிக்கு ஒரு மரநாய் விழுந்து கிடந்த மரத்தின் மேல் நடந்துபோய், நுனி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. இருட்டில் மட்டுமே பார்த்த பிராணி அது. எங்கே போவது என்று தெரியாமல் அந்த ஒரே மரத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தென்னங்கன்றை நாங்கள் பிள்ளை என்றுதான் சொல்வோம். "நாலு பிள்ளை வச்சிருக்கேன்" என்றால் கன்று நட்டிருக்கிறார் என்று அர்த்தம். பெத்த பிள்ளை சோறு போடாவிட்டாலும் வச்ச பிள்ளை சோறு போடும் என்பது எங்கள் ஊரில் பழமொழி இல்லை, குடும்பக் கணக்கு. கல்லணைக் கால்வாயின் கடைமடை எங்கள் ஊர். புது ஆறு என்போம். தண்ணீர் வந்தால் வந்தது, இல்லையென்றால் இல்லை. நெல்லை நம்பிக் கெட்ட தாத்தாக்கள் போர் போட்டுத் தென்னைக்கு மாறினார்கள். அதிலிருந்து 45 நாளுக்கு ஒரு வெட்டு. அந்தக் காசில்தான் நான் பி.காம். படித்தேன், தம்பி சிங்கப்பூர் போனான். எங்கள் 3 ஏக்கரில் 212 மரங்கள் இருந்தன. அந்த ஒரே இரவில் விழுந்தது 164.

அம்மா சொன்ன விவரம் இது. முதலில் வாடைக்காற்று. மரமெல்லாம் தெற்கே வளைந்து வளைந்து நிமிர்ந்தன. "இதுக்கெல்லாம் தென்னை அசையாது" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தாராம். அப்புறம் காற்று மேற்கே திரும்பியது. விடியும் நேரத்தில் தெற்கே இருந்து அடித்தது. ஒரு பக்கமே வளைந்து வேர் தளர்ந்த மரங்களை அடுத்த பக்கத்திலிருந்து தள்ளியது மாதிரி. அதனால்தான் தோப்பில் மரங்கள் ஒரே திசையில் கிடக்கவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. முறிகிற சத்தம் வெடி போட்ட மாதிரி இருந்ததாம். தீபாவளி முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பா உள்ளே உட்கார்ந்தபடியே "அது கிணத்து மேட்டு மரம்", "அது நடுவரிசை" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இருட்டில், சத்தம் வந்த திசையை வைத்து. ஒரு கட்டத்துக்கு மேல் சொல்வதை நிறுத்திவிட்டார்.

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கேதம் கேட்கப் போவோம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. வாசலில் யாரும் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள். போனவர் உட்கார்ந்து, "எப்படி ஆச்சு?" என்று கேட்பார். விஷயம் ஊருக்கே தெரிந்திருக்கும், இருந்தாலும் கேட்பார். வீட்டுக்காரர் முதலிலிருந்து சொல்வார், "காலையில கூட காபி குடிச்சாரு" என்று ஆரம்பித்து. அடுத்து வருகிறவருக்கும் அதையே சொல்வார். பத்து நாளில் ஐம்பது தடவை சொல்லியிருப்பார். கிளம்பும்போது "வரேன்" என்று சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும்.

கஜாவுக்குப் பிறகு இது எதுவும் நடக்கவில்லை. யார் யாருக்குக் கேதம் கேட்பது? எல்லார் வீட்டிலும் ஒரே நாளில் விழுந்துவிட்டது. பக்கத்துத் தோப்புக்காரரும் அப்பாவும் வேலியோரம் எதிரெதிரே நின்றார்கள். அவருக்கு எங்களைவிட அதிகம் போயிருந்தது. "உனக்கு எத்தனை?" "164." "எனக்கு 300 இருக்கும்." அவ்வளவுதான். 300 என்று கேட்ட பிறகு 164க்கு அழுவது எப்படி? 300 போனவருக்கோ ஐந்தாறு ஏக்கர் மொத்தமும் போனவர் ஒருவர் இருந்தார், வீடே விழுந்தவர் ஒருவர் இருந்தார். இப்படி ஒவ்வொருவரும் தன்னைவிட அதிகம் இழந்தவரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். ஊரே ஒரே துக்கத்தில் இருந்தால் ஆளுக்கு ஆள் ஆறுதலாக இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நான் பார்த்தது வேறு. டீக்கடையில் இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒரு பேச்சு இருக்காது.

பெண்களுக்கு மட்டும் ஒரு வழி தானாக அமைந்தது. ஓடு பறந்த வீடுகளுக்கும் மாட்டுக் கொட்டகைகளுக்கும் கூரை வேண்டும். விழுந்த மரங்களிலோ மட்டை மட்டையாக ஓலை கிடந்தது. அதைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கீற்று முடைய உட்கார்ந்தார்கள். அம்மா, அத்தை, சின்னம்மா, எதிர்வீட்டு அக்கா என்று பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்து முடைவார்கள். கை ஓடும்போது வாயும் ஓடியது. மூன்றாவது நாள் என்று நினைக்கிறேன், அப்பாயி ஒரு மட்டையை இரண்டாகப் பிளந்துவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தாள். சாவுக்குப் பாடுகிற அதே ராகம். முதலில் ஒருத்தி சிரித்துவிட்டாள், "கிழவிக்கு என்ன ஆச்சு, மரத்துக்குப் போயி" என்று. "தண்ணி ஊத்தி வளத்தேனே" என்று அப்பாயி இழுத்த இடத்தில் சிரித்தவளே உடைந்துபோனாள். அதற்குப் பிறகு தினமும் கொஞ்ச நேரம் அது நடந்தது. அழுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், எத்தனை கீற்று முடிந்தது என்று எண்ணுவார்கள். 23ஆம் தேதி திருக்கார்த்திகை. கரண்ட் இல்லாத ஊரில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. அந்த வருடம் அது கார்த்திகை மாதிரியும் இருந்தது, வேறு எதற்கோ ஏற்றிய மாதிரியும் இருந்தது.

ஆண்களுக்கு அந்தக் கீற்றுப் பந்தல் இல்லை. அப்பா காலையில் எழுந்து தோப்புக்குப் போய் மரங்களை எண்ணுவார். தினமும். ஒரு குச்சியால் ஒவ்வொன்றையும் தட்டி எண்ணிவிட்டு வருவார். எண்ணிக்கை மாறப்போவதில்லை. நான் ஒருநாள் பொறுக்காமல், "எண்ணி என்னப்பா ஆகப்போகுது, நான்தான் எழுதி வச்சிருக்கேனே" என்றேன். அது இரண்டாவது தப்பு. மூன்றாவது தப்பு லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் கணக்குப் போட்டது. அரசு ஒரு தென்னைக்கு 600 ரூபாய் இழப்பீடு, வெட்டி அகற்ற 500 ரூபாய், மொத்தம் 1,100 என்று அறிவித்திருந்தது. 164 மரத்துக்கு 1,80,400 ரூபாய் என்று எழுதிக் காட்டினேன். அப்பா திரையைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு அறுநூறா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் விலை விசாரிக்கிற குரலில் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பணக் கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கட்டாயம் வேண்டும், உடனே வேண்டும். மரங்களை அகற்றுவதற்கு முன் போட்டோ எடுத்து வைக்க வேண்டும், சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல் எல்லாம் ஒரு கவரில் இருக்க வேண்டும், கணக்கெடுக்க வருகிறவரோடு வீட்டு ஆள் ஒருவர் கூடவே நடக்க வேண்டும். எங்களுக்கே கணக்கெடுப்பில் 11 மரம் விட்டுப்போய், மனு எழுதி அலைந்துதான் சேர்த்தோம். ஆனால் அதை மரம் நட்டவர் எதிரில் வைத்துப் பேசாதீர்கள், அதுவும் முதல் வாரத்தில். வீட்டில் இளையவர் யாராவது அந்தக் கவரை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். கையெழுத்து வேண்டும் என்றால் மட்டும் கேளுங்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் கடலூர் மாவட்டத்திலிருந்து ஒரு லாரி வந்தது. அரிசி, போர்வை, மெழுகுவர்த்தி. அதோடு வந்தவர்களில் ஒருவர் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விவசாயி. மூட்டைகளை இறக்கிவிட்டு எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் தோப்பைப் பார்த்தபடி நின்றார். பிறகு எங்கள் திண்ணைக்கு வந்து, யாரும் கூப்பிடாமலே அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்படிண்ணே ஆச்சு?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த மரம்ணே மொதல்ல விழுந்துச்சு?"

அப்பா பேச ஆரம்பித்தார். வாடைக்காற்றில் ஆரம்பித்து, கிணத்து மேட்டு மரம், நடுவரிசை, காற்று திரும்பினது, அந்தச் சத்தம், விடிந்ததும் கதவைத் திறக்க முடியாமல் ஓலை அடைத்திருந்தது என்று ஒன்றரை மணி நேரம். எனக்குச் சொல்லாததெல்லாம். அவர் நடுவில் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. "ம்" என்றார், "அப்புறம்?" என்றார். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் தன் முந்திரியும் தன் அப்பா வைத்த பலாவும் போனதைக் கடைசியில் இரண்டு வரியில் சொன்னார். "முதல் மாசம் ஊரே வரும்ணே. ரெண்டாவது வருஷம்தான் கஷ்டம், அப்ப யாரும் கேட்க மாட்டாங்க" என்றார். எழுந்து, "வரேன்" என்று சொல்லாமல் லாரியை நோக்கி நடந்துவிட்டார்.

அப்பா நெடுநேரம் அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லிக்காமப் போறாரு பாத்தியா" என்றார் அம்மாவிடம். அந்த மரியாதை அவருக்குப் புரிந்திருந்தது.

எல்லாரும் துக்கக்காரர்களாக இருக்கிற ஊருக்கு, கேட்க வெளியிலிருந்துதான் ஆள் வர வேண்டும். அதிலும் முன்பு இழந்தவர் வந்தால் நல்லது. நிவாரணம் கொண்டு போகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்: பத்துப் பேர் போனால் இரண்டு பேராவது மூட்டை இறக்காமல் திண்ணையில் உட்காருங்கள். "எப்படி ஆச்சு" என்று கேளுங்கள். தோப்பையோ வயலையோ குளத்தையோ நடந்து காட்டச் சொல்லுங்கள், கூடவே நடங்கள். மனசுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை என்று யோசித்து வைத்துக்கொண்டு போகாதீர்கள், தேவைப்படாது. எங்கள் ஊரில் நடந்த ஒரு முகாமில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு "தூக்கம் வருதா, பசி எடுக்குதா" என்று கேட்டார்கள். அப்பா எல்லாவற்றுக்கும் "வருது, எடுக்குது" என்று சொல்லிவிட்டு வந்தார். பாவம், கேட்ட பெண்ணும் ஒரே நாளில் அறுபது பேரைப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்புறம் வண்டு. துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், விழுந்த மரம் மக்கத் தொடங்கினால் காண்டாமிருக வண்டு அதில் முட்டை வைக்கும், அடிபட்ட மரத்தின் காயங்களில் சிவப்புக் கூன்வண்டு இறங்கும். நிற்கிற கொஞ்சத்தையும் அவை முடித்துவிடும். குரும்பையும் குருத்தும் அழுகி ஊர் முழுக்க ஒரு புளித்த வாடை. அகற்றியாக வேண்டும். ஆனால் பொக்லைனுக்கும் அறுப்பு மெஷினுக்கும் கேட்ட கூலியைக் கொடுக்க முடியவில்லை. சூளைக்கு மரம் எடுக்கிறவர்களோ "எடுத்துட்டுப் போறதே பெரிசு" என்றார்கள்.

எங்கள் பக்கம் ஆடி மாதத்து மொய் விருந்துக்குப் பேர்போனது. பணம் வேண்டியவர் விருந்து வைப்பார், வந்தவர்கள் மொய் எழுதுவார்கள், அடுத்தவர் முறையில் திருப்பிச் செய்ய வேண்டும். மொய் நோட்டு இல்லாத வீடு கிடையாது. பக்கத்துத் தோப்பு மாமாதான் அந்த யோசனையைச் சொன்னார், பணத்துக்குப் பதிலாக ஆளை மொய் எழுதலாம் என்று. பதினோரு குடும்பம் சேர்ந்தது. ஒரு நோட்டு. இன்றைக்கு இந்தத் தோப்பில் எத்தனை ஆள் எத்தனை நாள் என்று எழுதுவது, முறை வரும்போது திருப்பிச் செய்வது. இரண்டு அறுப்பு மெஷினை வாடகைக்கு எடுத்தோம். நோட்டு எழுதுகிற வேலை எனக்கு.

பெண்களுக்குக் கீற்றுப் பந்தல் கொடுத்ததை ஆண்களுக்கு இந்த வேலை கொடுத்தது. ஒவ்வொரு தோப்பிலும் அறுக்கத் தொடங்குவதற்கு முன் அந்தத் தோப்புக்காரர் மரங்களுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றி வருவார், மற்றவர்கள் காத்திருப்பார்கள். யாரும் அப்படி ஏற்பாடு செய்யவில்லை, முதல் நாள் தானாக நடந்தது, பிறகு வழக்கமாகிவிட்டது. அப்பா முறை வந்தபோது குச்சியால் தட்டி எண்ணிக்கொண்டே சுற்றி வந்தார். பத்துப் பேர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் தடுக்கப் பார்த்த அந்த எண்ணிக்கை எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவர் எண்ணவில்லை.

அறுப்பு நாட்களில் இன்னொரு காரியமும் நடந்தது. யார் வேலைக்கு வரவில்லை என்பது நோட்டில் தெரிந்தது. தோப்பு போன துயரத்தில் உயிரை விட்டவர்களின் செய்தி அந்த நாட்களில் டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. பக்கத்து ஊர்களிலும் பேச்சு இருந்தது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் இரண்டு நாள் வரவில்லை. போய்ப் பார்த்தால் வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், கடன் தொகையை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மனைவி அன்றைக்கே பூச்சிமருந்துக் கொட்டகைச் சாவியை என் அத்தையிடம் கொடுத்துவிட்டார். இரண்டு பேர் முறை வைத்து அவரோடு இருந்தார்கள், பிறகு ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போனோம். இன்றைக்கு நல்லபடியாக இருக்கிறார். அழுகிறவரைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். தோப்புப் பக்கமே போகாதவர், கடனைப் பற்றி மட்டுமே பேசுகிறவர், திடீரென்று எல்லாருக்கும் பாக்கியைத் தீர்க்கிறவர், இவர்களைத்தான் தனியாக விடக்கூடாது. அப்போது எங்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண் தெரிந்திருந்தது. இப்போது 14416, டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண், எந்நேரமும் எடுக்கிறார்கள், தமிழில் பேசலாம்.

பண்ருட்டிக்காரர் சொன்ன இரண்டாவது வருடம் எங்களுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. தென்னைக்கு ஒரே ஒரு குருத்துதான். மாமரம் போல வெட்டிய இடத்தில் துளிர்க்காது. காற்றில் தலை முறுக்கிக்கொண்ட மரங்கள் பச்சையாக நின்றன, நாங்களும் பிழைத்தது என்று நினைத்தோம். மாசியில் குருத்து மஞ்சளாகி, பங்குனியில் கையால் இழுத்தால் வந்துவிட்டது. நின்ற 48இல் 19 அப்படிப் போயின. அதில் ஒன்று நான் பிறந்த வருடம் தாத்தா வைத்தது. வீட்டில் "உன் மரம்" என்பார்கள். புயலில் அது நின்றதைப் பார்த்து நான் ரகசியமாகச் சந்தோஷப்பட்டிருந்தேன், மற்றவர்கள் இழந்திருக்கும்போது வெளியே சொல்ல வெட்கம். அது சாய்ந்த நாளில்தான், மூன்று மாதமாகப் பேசாதிருந்த அப்பா என்னிடம் தோப்பைப் பற்றிப் பேசினார். நான் திருப்பூரிலிருந்து வந்து அடிமரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எப்படி ஆச்சுன்னு கேக்க மாட்டியா?" என்றார். நான் கேட்டேன்.

இந்தப் பிந்திய சாவுகள் கணக்கெடுப்பில் வராது. கணக்கெடுக்க வந்தபோது அவை பச்சையாக நின்றவை. பிழைத்த மரங்களிலும் இரண்டு மூன்று வருடம் காய் சரியாக வராது. பாளை மரத்துக்குள்ளே கருவாகி, வெளியே வந்து, காய் முற்றி இறங்க மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். புயலில் பட்ட அடி அத்தனை காலம் கழித்தும் குலையில் தெரியும். அதனால் நிவாரணத்தையும் விசாரிப்பையும் முதல் மாதத்தோடு முடித்துவிடாதீர்கள். ஒரு வருடம் கழித்து ஒரு போன் போடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் ஹன்டர் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். நிலக்கரிச் சுரங்கங்கள் வந்து நிலமே மாறிப்போனதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர் ஜனங்களின் மனநிலைக்கு கிளென் ஆல்பிரெக்ட் என்ற தத்துவவியலாளர் சோலஸ்டால்ஜியா என்று பெயர் வைத்திருக்கிறார். ஊரை விட்டுப் போகாமலே ஊரைப் பிரிந்த ஏக்கம். இதைப் பிறகு படித்து அப்பாவிடம் சொன்னேன். "வீட்டுல இருந்துக்கிட்டே வெளியூர்ல இருக்கிற மாதிரி இருக்கும், அதானே? அதுக்கு எதுக்கு இங்கிலீஷு" என்றார். ஆனால் அன்று மாலை டீக்கடையில் அந்தப் பெயரை இரண்டு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். வேறொரு தேசத்திலும் இது வந்திருக்கிறது, பேர் வைக்கிற அளவுக்குப் பெரிய விஷயம் என்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

மறுநடவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடனே நடச் சொல்லி நெருக்காதீர்கள். செத்த வீட்டில் அடுத்த கல்யாணத்தைப் பேசுவது மாதிரி அது. எங்கள் ஊரில் அவசரப்பட்டவர்கள் லாரியில் வந்த தரமில்லாத கன்றுகளை வாங்கி ஏமாந்தார்கள். அப்பா 2019 ஆனியில்தான் நட்டார். 9 முதல் 12 மாத வயது, குறைந்தது 6 ஓலை, கழுத்து நன்றாகப் பருத்த கன்று என்று பார்த்து எடுத்தார். 3 அடிக் குழி. நெட்டை மட்டும் என்றில்லாமல் கொஞ்சம் நெட்டை குட்டை ஒட்டு, ஓரத்தில் காற்றுத் தடுப்பாகச் சவுக்கு, நடுவில் மாவும் எலுமிச்சையும். எல்லாவற்றையும் ஒரே மரத்தில் கட்டி வைக்கக் கூடாது என்று கஜா சொல்லிக்கொடுத்திருந்தது. கிணத்து மேட்டில் மட்டும் எதுவும் நட மாட்டேன் என்றார். அந்த இடம் இன்றும் காலியாக இருக்கிறது. மாடு கட்டுகிறோம்.

2020 நவம்பர் 25ஆம் தேதி நிவர் வந்தபோது ஊரில் ஒருவர் தூங்கவில்லை. புயல் புதுச்சேரிப் பக்கம் போகிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது, இருந்தாலும் எல்லாத் திண்ணையிலும் டார்ச் வெளிச்சம். ஓலை சலசலத்தால் வயிற்றைப் பிசையும். ஒவ்வோர் ஐப்பசி கார்த்திகையிலும் இது வரும், வரும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது கொஞ்சம் உதவுகிறது. அந்த இரவில் பதினோரு குடும்பமும் எங்கள் வீட்டில்தான் இருந்தது. அம்மா மூன்று முறை காபி போட்டாள். யாரோ அந்த மொய் நோட்டை எடுத்து, யாருக்கு இன்னும் எத்தனை ஆள் பாக்கி என்று வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒட்டுக் கன்றுகள் 2024இல் காய்த்தன. முதல் குலையை அப்பா கோயிலுக்குக் கொடுத்தார். இரண்டாவது குலையை வெட்டி வைத்திருந்த சமயம்தான் பெஞ்சல் புயல் கரையேறி, தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர், விழுப்புரம் பக்கமெல்லாம் தண்ணீர். அப்பா பண்ருட்டிக்காரருக்கு அடித்தார். ஆறு வருடத்தில் வருடத்துக்கு இரண்டு முறையாவது போனில் பேசிக்கொள்வார்கள், அன்றைக்குப் பிறகு நேரில் பார்த்ததில்லை. லைன் கிடைக்க இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் காலையில் ஒரு பையில் பன்னிரண்டு தேங்காயைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். தஞ்சாவூர், கும்பகோணம், பண்ருட்டி. அந்த வயசில் அந்த மழையில் வேண்டாம் என்று அம்மா சொன்னதைக் கேட்கவில்லை.

மறுநாள் ராத்திரி திரும்பி வந்தார். வேட்டி முழங்கால் வரை சேறு. "என்னப்பா, எப்படி இருக்காங்க?" என்று போனில் கேட்டேன்.

"வயல்ல தண்ணி கிடக்கு. பலா நிக்குது, புதுசா வச்ச முந்திரியும் நிக்குது" என்றார். கொஞ்சம் இருந்துவிட்டு, "கிளம்பும்போது போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார்.